‘முதியோர் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம்’: ஒரு வாக்கியத்தின் மீது திறனாய்வு



படிவம் ஐந்து கட்டுரை ஏடுகளைத் திருத்தும்போது ஒரு வாக்கியம் என்னை விடாமல் துரத்துகிறது. தலைப்பு ‘மின்னூல் வாசிப்பின் நன்மைகள்’ என்று இருந்தால் போதும், மூன்றாம் பத்தியிலோ நான்காம் பத்தியிலோ அது வந்து உட்கார்ந்துவிடும்: “முதியோர் எழுத்தைப் பெரிதாக்கி எளிதாக வாசிக்கலாம்.” இலக்கணப் பிழை இல்லை. கருத்தும் பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. பல வருஷமா அதற்குச் சரி போட்டு வந்தவள் நான். உண்மையைச் சொல்லணும்னா, கருத்து விளக்கத்துக்கு ஒரு வரி வேணும்னு கேட்ட மாணவர்களுக்கு நானே அதை எழுதிக் கொடுத்தும் இருக்கிறேன்.

இப்போது அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘எந்தக் கருவியில்? எந்தக் கோப்பில்?’ என்று எழுதுகிறேன். மாணவர்கள் முழிக்கிறார்கள். அந்த இரண்டு கேள்விகளுக்கும் எனக்குப் பதில் கிடைத்த கதையை இங்கே சொல்கிறேன். திறனாய்வு என்றால் கவிதையையும் நாவலையும் மட்டும்தான் எடுத்துப் பார்க்கணும் என்றில்லை. வாசகர் கையில் அந்த நாவல் எந்த உருவத்தில் போய்ச் சேருகிறது என்பதும் திறனாய்வுக்குரிய விஷயம்தான். ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்கு வந்தபோது பதிப்பைப் பற்றி எவ்வளவு பேசினோம்! அச்சிலிருந்து திரைக்கு வந்தபோது ஏனோ யாரும் அவ்வளவு பேசவில்லை.

நான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர் ஐயாவுக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. ஓய்வு பெற்றுப் பீடோங்கில் இருக்கிறார். நாளிதழை எடுத்தால் மரண அறிவிப்பு உட்பட ஒரு வரி விடமாட்டார். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரி மாதக் கடைசியோடு நின்றுபோனபோது, வீட்டில் ஓர் ஆள் போன மாதிரி இருந்தது என்றார். அதற்குப் பிறகு கண்புரை வந்தது. ஒரு கண்ணுக்குச் சுங்கைப்பட்டாணியில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, இன்னொரு கண்ணுக்குத் தேதி வரவேண்டும். இடையில் சுமார் இரண்டு வருஷம் அவர் எதையுமே வாசிக்கவில்லை. வாசிக்காத ஐயாவை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் போனில் கேட்டார்:

“ஏம்மா, நம்ம கார்த்திகேசோட ‘அந்திம காலம்’ கம்ப்யூட்டர்ல இருக்காமே. எனக்கு அத மறுபடி வாசிக்கணும்.”

‘நம்ம’ என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. ரெ. கார்த்திகேசு 1940-இல் இதே பீடோங்கில் பிறந்தவர். பின்னாளில் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து, 2016-இல் மறைந்தார். ‘அந்திம காலம்’ புற்றுநோய் கண்ட ஒரு பெரியவரின் கதை. அவருடைய பேரனும் நோயில் கிடக்கிறான். மலேசியத் தமிழ் நாவல்களில் முதுமையை இவ்வளவு நேராகப் பார்த்தது குறைவு என்பது என் கருத்து. இணையத்திலும் அது இலவசமாகக் கிடைக்கிறது, மதுரைத் திட்டத்தில். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய அந்த முயற்சியில், தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்திலிருந்து தற்கால நாவல் வரை தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஐயா கேட்டதும் நாங்கள் பழைய மாணவர்கள் மூன்று பேர் ஆளுக்கு இருநூறு வெள்ளி போட்டு ஒரு மின்மை வாசிப்பான் வாங்கினோம். ஆறு அங்குலத் திரை, கண் கூசாது, கையில் எடையே தெரியாது. ‘கண்ணுக்கு நல்லது’ என்று எல்லாரும் சொன்னார்கள். நாவலின் பி.டி.எஃப். கோப்பை இறக்கி, உள்ளே ஏற்றி, பொன்னாடை போர்த்தாத குறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயா புரட்டிப் பார்த்தார். “நல்லா இருக்கும்மா. கைக்கு லேசா இருக்கு” என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது அது கண்ணாடி அலமாரியில், கேடயங்களுக்குப் பக்கத்தில், மின்கலம் தீர்ந்து கிடந்தது. ஐயா கூடத்தில் உட்கார்ந்து, பேரனுடைய பழைய டேப்லெட்டில் அதே நாவலை வாசித்துக்கொண்டிருந்தார். இல்லிருப்புக் கற்றல் காலத்தில் அந்தப் பையனுக்காக வாங்கியது. ஒரு மூலையில் விரிசல். மடியில் தலையணை, தலையணை மேல் டேப்லெட். நான் அசடு வழிய நின்றேன்.

தப்பு கருவியில் இல்லை. அந்த வாசிப்பான் நல்ல கருவிதான். தப்பு என்னுடையது. நான் ஏற்றிக் கொடுத்தது ஏ4 தாளில் அச்சிடுவதற்காக அமைந்த கோப்பு. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். ஆறு அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். முழுப் பக்கத்தையும் அந்தத் திரைக்குள் அடைத்தால் 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகச் சுருங்கிவிடும். மருந்து டப்பாவில் ஒட்டியிருக்கும் சீட்டைவிடச் சின்னது! சரி, ‘எழுத்தைப் பெரிதாக்கலாமே’ என்கிறீர்களா? பி.டி.எஃப். கோப்பில் எழுத்து பெரிதாவதில்லை, பக்கம்தான் பெரிதாகிறது. பக்கம் பெரிதானால் வரியின் வலப்பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுத்து இழுத்து வாசிக்கணும். மின்மைத் திரையோ மெதுவாக மாறுவது, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு இமைப்பு. ஐயா இரண்டு பக்கம் அப்படி வாசித்துப் பார்த்திருக்கிறார். “தோட்டத்துல தண்ணி இழுக்கிறாப்ல இருந்துச்சு” என்றார்.

அதே நாவல் அதே தளத்தில் வலைப்பக்க எழுத்தாகவும் இருந்தது. அந்த வகைக் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கு ஏற்ப மடிந்துகொள்ளும். இ-பப் கோப்பும் அப்படித்தான். மாணவர்களே, உங்கள் வாக்கியம் உண்மையாவது இந்த இடத்தில்தான். எழுத்தாக உள்ள கோப்பில் அது உண்மை. பக்கமாக உறைந்த கோப்பில் அது பாதிப் பொய். இலவசத் தமிழ் மின்னூல்கள் வெளியிடும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தைப் பாருங்கள், ஒரே நூலை இ-பப், ஏ4 பி.டி.எஃப்., ஆறு அங்குல பி.டி.எஃப். என்று தனித்தனியாகத் தருகிறார்கள். நான் அந்தப் பட்டியலை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஏன் அத்தனை வகை என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

ஐயா எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டேன். கடைக்காரரையும் கேட்கவில்லை, யூடியூப்பும் பார்க்கவில்லை. வீட்டிலிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார்த்திருக்கிறார்: வாசிப்பான், மகளுடைய கைப்பேசி, மருமகனின் மடிக்கணினி, கடைசியாகப் பேரனின் டேப்லெட். அவர் வைத்த சோதனைகள் எந்த விளம்பரத்திலும் இல்லாதவை. “அறுவை பண்ணின கண்ண மூடிட்டு மத்த கண்ணால வாசிக்க முடியுதா? சாயங்காலச் செய்தி ஆரம்பிக்கிற வரைக்கும் கை நோகாம இருக்கா? தப்பா எங்கயாச்சும் தொட்டுட்டா, விட்ட எடத்துக்கு என்னால திரும்பி வர முடியுதா?” மூன்றாவது கேள்வியை மறுபடி ஒருமுறை வாசியுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது தோன்றவே தோன்றாது. விரல் நழுவி வேறு பக்கம் போனால், யாரையும் கூப்பிடாமல் வீட்டுக்குத் திரும்புகிற வழி தெரியணும். பெரியவர்கள் பயப்படுவது தொழில்நுட்பத்துக்கு என்கிறோம். இல்லீங்க. அவர்கள் பயப்படுவது பேரனை நாலாவது தடவை கூப்பிடுவதற்கு.

மகளுடைய கைப்பேசி ஏன் தோற்றது என்று பார்த்தால் அதில் ஒரு மொழிப் பாடமே இருக்கிறது. கைப்பேசித் திரையின் அகலம் ஏழு சென்டிமீட்டர் சொச்சம். ஐயாவுக்குத் தேவையான அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் பன்னிரண்டு, பதின்மூன்று எழுத்துதான் நிற்கும். இப்போது ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்ற சொல்லை எண்ணுங்கள், பன்னிரண்டு எழுத்து. ஒரு வினைமுற்று ஒரு வரியையே விழுங்கிவிட்டது! நம் மொழி ஒட்டுநிலை மொழி. பகுதி, இடைநிலை, சாரியை, விகுதி என்று பகுபத உறுப்பிலக்கணத்தில் நாம் பிரித்துப் பிரித்துப் படிப்பதெல்லாம் சேர்ந்து ஒரே சொல்லாக வந்து நிற்கும். மலாய்ச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் சிறிய திரையில் ஓரளவு சமாளித்துக்கொள்கின்றன. தமிழ்ச் சொல் ஒன்று வரிக்குள் அடங்காமல் அடுத்த வரிக்குத் தாவும்போது, விட்டுப்போன இடம் ஓட்டைப் பல் மாதிரி தெரிகிறது. சில செயலிகள் சொல்லையே கண்ட இடத்தில் வெட்டி ‘கொண்டிருந்தா’ இங்கேயும் ‘ர்கள்’ கீழேயுமாகப் போடுகின்றன. இளம் கண் அதை ஒட்டிக்கொள்ளும். கண்புரைக் கண் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழும். ஆங்கில இதழ்கள் ‘ஆறு அங்குலம் போதும்’ என்று எழுதுவதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரக்கூடாது என்பேன். பெரிய எழுத்தில் தமிழ் வாசிக்கிறவருக்கு எட்டு அங்குலமாவது வேண்டும், பத்து இருந்தால் நல்லது.

அடுத்தது புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் அந்தச் சின்னப் பொட்டு. நாற்பது வயதுக்கு மேல் வருகிற வெள்ளெழுத்து முதலில் திருடுவது அதைத்தான். ‘கண்’ என்பது ‘கண’ ஆகிறது, ‘கல்’ என்பது ‘கல’ ஆகிறது. காலும் ரகரமும் ஒன்று போலத் தெரிகின்றன. அனுபவமுள்ள வாசகர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்வார், ஆனால் அந்த ஊகம் ஒரு உழைப்பு. அரை மணி நேரத்தில் தலைவலி வருவது அதனால்தான். மெலிந்த கோடுகள் உள்ள எழுத்துருக்கள் திரையில் நாகரிகமாகத் தெரியும், ஆனால் பெரியவர்களுக்கு அவை எதிரி. புள்ளி தடித்து, எழுத்தை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்கிற எழுத்துரு வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சின்னப் பெருமை. ஆப்பிள் கருவிகளில் நாம் பார்க்கும் தமிழ் எழுத்துகளை வடித்தவர் நம் நாட்டுக்காரரான முத்து நெடுமாறன். ‘முரசு அஞ்சல்’, ‘செல்லினம்’ தந்தவர். ‘தமிழ் சங்கம் எம்.என்.’ என்ற எழுத்துருவின் பெயரில் கடைசியில் நிற்கும் இரண்டு எழுத்தும் அவர் பெயரின் முதலெழுத்துகள். பீடோங்கில் பிறந்த எழுத்தாளரின் நாவலை மலேசியர் வடித்த எழுத்தில் வாசிக்கலாம் என்று ஐயாவிடம் சொன்னேன். “அந்த டேப் வேற கம்பெனிம்மா” என்றார். அதோடு அடங்கினேன்.

எங்கள் அத்தையின் கதை வேறு மாதிரி. முப்பது வருஷத்துக்கு மேல் மரம் சீவியவர். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு சுங்கைப்பட்டாணிப் பக்கம் அடுக்குமாடியில் மகனோடு இருக்கிறார். தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர்தான், ஆனால் தொடர்கதைப் பைத்தியம். வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, நூல் போட்டுத் தைத்து, அட்டை ஒட்டி வைத்திருந்த தலைமுறை. ‘பொன்னியின் செல்வன்’ படம் 2022-இல் வந்ததிலிருந்து, புத்தகத்தை முழுசா ஒரு தடவை வாசிக்கணும் என்று பிடித்துக்கொண்டார். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானவை என்பதால் ஐந்து பாகமும் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. மகன் புதுக் கைப்பேசி ஒன்று வாங்கித் தந்தான். அத்தை தொடுகிறார், திரை அசையவில்லை. அழுத்தினார், அப்போதும் அசையவில்லை. “எனக்கு மட்டும் வேலை செய்ய மாட்டேங்குது” என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

தொடுதிரை விரலின் அழுத்தத்தால் வேலை செய்வதில்லை. தோலின் ஈரத்தில் கடத்தப்படும் மிகச் சிறிய மின்னோட்டத்தால் வேலை செய்கிறது. உளி பிடித்துக் காய்த்துப்போன விரல், வயதாகி வறண்ட தோல், இரண்டும் சேர்ந்தால் திரை அந்த விரலை விரலாகவே மதிக்காது. பால் வெட்டின கையைத் திரைக்குத் தெரியவில்லை! அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. தீர்வு என்னவோ எளிதுதான்: ரப்பர் முனை வைத்த தொடுபேனா ஒன்று, சில வெள்ளிதான் விலை. வாங்கிக் கொடுத்தேன். “ரப்பர்ல இருந்து தப்பிக்க முடியல போ” என்று அத்தை சிரித்தார். பக்கம் புரட்டுவதற்கு அழுத்துகிற பொத்தான் உள்ள வாசிப்பான்களும் உண்டு. வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். விற்கிறவர்கள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள்.

அத்தைக்கு நான் இரண்டு வடிவத்தையும் காட்டினேன். ஒன்று தட்டச்சு செய்யப்பட்ட எழுத்துக் கோப்பு. இன்னொன்று பழைய பதிப்பின் பக்கங்களை அப்படியே படம் பிடித்த கோப்பு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இப்படிப் பட வடிவில் நிறைய இருக்கின்றன. இவ்வளவு நேரம் பட வடிவத்தைத் திட்டிக்கொண்டு வந்தவள், அத்தையும் எழுத்துக் கோப்பைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். அவர் படத்தைக் கேட்டார்.

காரணம் அந்த எழுத்துகள். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் வரை ணா, றா, னா; ணொ, றொ, னொ; ணோ, றோ, னோ; ணை, லை, ளை, னை ஆகிய பதின்மூன்று எழுத்துகளுக்கும் வேறு உருவம். லகர ஐகாரத்துக்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு மேலே எழும்பி நிற்கும். நம் பாடநூல்களிலும் புது வடிவம் பின்னால்தான் வந்தது. அத்தை படித்தது பழைய வடிவத்தில். அந்தத் தும்பிக்கையைப் பார்த்ததும் அவர் கண் தானாக ஓடியது. எழுத்துக் கோப்பில் இதைக் கொண்டுவர முடியாதா என்று மாணவர்கள் கேட்கலாம். யூனிகோடில் அந்த எழுத்துக்குக் குறியீடு ஒன்றேதான், உருவம் எழுத்துருவின் பொறுப்பு. பழைய உருவங்களோடு ஓர் எழுத்துருவை வடித்து, வாசிப்புச் செயலியும் அதை ஏற்றுக்கொண்டால், அதே கோப்பு அத்தைக்குப் பழைய எழுத்திலும் உங்களுக்குப் புது எழுத்திலும் தெரியும். கருவிகளோடு வருகிற பெரும்பாலான எழுத்துருக்களில் அந்த வசதி இல்லை.

ஆனால் படக் கோப்பில் ஒரு நட்டம் உண்டு, அத்தையும் அதை விரைவில் கண்டுபிடித்தார். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழை வாய்விட்டு வாசிக்கும் குரல் வசதி இருக்கிறது. சமைத்துக்கொண்டே கேட்கலாம் என்று பேத்தி சொல்லிக் கொடுத்திருந்தாள். எழுத்துக் கோப்பைத் திறந்தால் பேசுகிறது. படக் கோப்பைத் திறந்தால் வாய் திறப்பதில்லை, அதற்குத் தெரிவது வெறும் படம். இப்போது இரண்டையும் வைத்திருக்கிறார். பகலில் அடுப்படியில் குரல், இரவில் படம். அந்தக் குரலுக்கு வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும் ஒன்று. கதை சொல்பவருக்கும் கதைமாந்தருக்கும் ஒரே தொனி, மேற்கோள் குறி எங்கே ஆரம்பித்தது என்பதே தெரியாது. அத்தையின் விமர்சனம்: “செய்தி வாசிக்கிற மாதிரி சண்ட போடுறாங்க.” கேட்டல் பேச்சுச் சோதனைக்கு ஏற்ற இறக்கம் பற்றிச் சொல்லிக் கொடுக்கும்போது நான் இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

பேத்தி அந்தப் படக் கோப்பை வாசிக்கப் பார்த்து, முதல் பக்கத்திலேயே தும்பிக்கையில் மாட்டிக்கொண்டாள். அவள் படிவம் நான்கு. அத்தை தொடுபேனாவால் ஒவ்வொன்றாகச் சுட்டிச் சொல்லிக் கொடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் வகுப்பில் இதற்கு ஒரு பாடவேளை போதாது.

கவிதையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. குறள் ஏழு சீர், முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று. கைப்பேசியில் பெரிய எழுத்தில் போட்டால் அது நான்கு, ஐந்து வரியாக உடைந்து, வசன கவிதையாகிவிடும். எது அடி, எது திரை மடித்த வரி என்று தெரியாது. யாப்பு படிக்கிற நீங்களும் கைப்பேசியில் செய்யுளைப் படித்துவிட்டு அடி எண்ணிக்கையைத் தப்பாக எழுதுகிறீர்கள், நான் திருத்தியிருக்கிறேன். கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். பெரியவர்களுக்குச் செய்யுள் என்றால் அகலத் திரை அல்லது பழைய அச்சு நூல், வேறு வழியை நான் பார்க்கவில்லை.

மின்மை வாசிப்பானுக்கு நியாயம் செய்யாமல் விடக்கூடாது. அது பின்னாலிருந்து ஒளி பாய்ச்சுவதில்லை. அறை வெளிச்சத்தைக் காகிதம் மாதிரி திருப்பி அனுப்புகிறது, இருட்டில் முன்பக்க விளக்கு. வாசல் திண்ணையில், பகல் வெளிச்சத்தில், சரியான எழுத்துக் கோப்போடு வாசிக்கிறவருக்கு அதைவிடச் சுகமான கருவி கிடையாது. கண்புரையில் கண் கூசுகிறவர்களுக்கும் அது தோது. இரவில் மங்கிய விளக்கில் மட்டும் வாசிப்பவர் என்றால் யோசிக்கணும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேருகிறது. ஐயாவின் கூடத்தில் இருப்பது ஒரே ஒரு குழல்விளக்கு, அவர் வாசிப்பது ராத்திரியில். டேப்லெட்டின் பிரகாசம் அவருக்குத் தேவைப்பட்டது. கண்ணுக்கு நல்லது என்று பொதுவாகச் சொன்னோமே, யாருடைய கண், எந்த நேரத்தில், எந்த விளக்கில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் நூல்கள் முறையாக விற்பனைக்கு வருகின்றன. ஆனால் அமேசானுக்கு மலேசியாவுக்கென்று தனிக் கடை இல்லை. வெளிநாட்டுக் கடையில் கணக்குத் திறந்து, மின்னஞ்சல், கடவுச்சொல், வங்கி அட்டை எல்லாம் கொடுக்கணும். தோட்டத்திலிருந்து வந்த எத்தனை பெரியவர்களிடம் அட்டை இருக்கிறது? கருவி கையில் இருந்தும் புத்தகம் மகனுடைய கணக்கில் பூட்டிக் கிடக்கும். இலவச நூல் தேடுகிறவருக்கு வலைப்பக்கம் திறக்கிற எளிய டேப்லெட்டே அதிகம் உதவும்.

இனி நம்மைப் பற்றி. கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆசிரியர்களாகிய நாம் தயாரிக்கும் மின்னூல்களை எடுத்துப் பாருங்கள்: பள்ளி மலர், சிறுகதைத் தொகுப்பு, பயிற்றுப் பொருள்கள், இந்த வளத் தொகுப்பும் சேர்த்தி. ஏ4 தாள், இரண்டு பத்தி அமைப்பு, பின்னணியில் வண்ணப்படம், அதன் மேல் மஞ்சள் எழுத்து. சிலர் இன்னும் பழைய பாமினி வகை எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்துப் புலனத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குவியலாக வந்து விழும். வாசிப்புக் குரலும் அந்தக் குவியலைத்தான் வாசிக்கும். அச்சுக்குப் போகும்போது அழகாக இருக்கிறது என்று நாம் மகிழ்ந்துபோகிறோம். ஆனால் அச்சுக்குப் போவது நூறு படி, மற்றதெல்லாம் கைப்பேசியில்தான் பார்க்கப்படுகிறது. பெற்றோரும் தாத்தா பாட்டியும் பார்ப்பது அங்கேதான். அட்டைப்படத்தை ரசித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தமிழர் வீட்டில் வாசிப்பு குறைந்துவிட்டது என்று மேடையில் பேசுகிறோமே, அதில் எத்தனை பங்கு ஆர்வக் குறைவு, எத்தனை பங்கு நம் இரண்டு பத்தி பி.டி.எஃப்.?

யூனிகோடில் தட்டச்சு செய்து, பி.டி.எஃப்.-க்குப் பக்கத்தில் ஓர் இ-பப் கோப்பையும் வைப்பது அரை மணி நேர வேலை. கூகல் ஆவணத்திலேயே அதற்கு வசதி இருக்கிறது: பதிவிறக்கப் பட்டியலில் இ-பப் என்று ஒரு வரி. நான் எங்கள் பள்ளி மலருக்குச் சென்ற ஆண்டு முதன்முறையாகச் செய்தேன். படங்கள் சில இடம் மாறி உட்கார்ந்தன, அதைச் சரிசெய்ய இன்னொரு மாலை போனது.

மாணவர்களே, உங்களுக்கு வருகிறேன். அந்த வாக்கியத்தை எழுதவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதிவிட்டு அதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால், கட்டுரைக்கு முந்தின வாரம் ஒரு கைப்பேசியும் ஒரு டேப்லெட்டும் கொடுத்து, அவருக்குப் பிடித்த நூலைத் திறந்து வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு பாருங்கள். எங்கே தொடுகிறார், எங்கே கண்ணைச் சுருக்குகிறார், எப்போது கீழே வைக்கிறார். கருத்து விளக்கத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்காது. போன தவணையில் ஒரு மாணவன் எழுதியிருந்தான்: “என் தாத்தா கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து வாசிக்கிறார், ஏனென்றால் பொத்தான் பக்கம் அவர் கட்டைவிரல் போய்ப் போய் ஒலி கூடிவிடுகிறது.” நடை சுமார்தான். முழுப்புள்ளி கொடுத்தேன்.

ஐயா ‘அந்திம காலம்’ வாசித்து முடித்துவிட்டார். ஒரு நாளைக்குச் சில பக்கம், ஆறு வாரம். முடித்த அன்று இரவு ஒன்பதரைக்குப் போன் செய்து, அந்தப் பெரியவருக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வந்திருக்கணும் என்றார். அவ்வளவு அமைதி ஒத்துக்க முடியலம்மா, நோயில கெடந்து பாத்தவனுக்குத் தெரியும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அமைதிதான் நாவலின் பலம் என்று சொன்னேன். ஒரு மணி நேரம் பேசினோம், இன்னும் முடியவில்லை. இரண்டு வருஷமாக எனக்கு அவரிடமிருந்து வராத போன் அது.

அடுத்து ‘வானத்து வேலிகள்’ வேண்டும் என்கிறார். எப்படி வேணும் ஐயா என்று இந்தத் தடவை முதலிலேயே கேட்டுவிட்டேன்.

“எழுத்தாவே குடும்மா. படமா வேணாம்.”